தள்ளி வைத்த தட்டு

மகனே,

முழங்கால் வலி என்று போனில் நான் சொன்னது பொய். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நேற்றுக் காலைப் பூசைக்கு நடந்தேதான் போனேன். திரும்பி வரும்போது மார்க்கெட் வரைக்கும் போய் ஒரு கூறு சாளை மீன் வாங்கி, பேரம் பேசி, சண்டையும் போட்டுவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லிவிட்டு மாதாவுக்கு முன்னால் போய் முழந்தாளிட்டேன் பார், அப்போதுதான் கொஞ்சம் வலித்தது.

திருவிழாக் கமிட்டியிலிருந்து அந்தோணி அண்ணாச்சி வந்து போன கதை உனக்குத் தெரியும். இந்த வருடம் கலை நிகழ்ச்சி அன்றைக்கு உனக்குப் பாராட்டு, உனக்குச் சால்வை போடுவது நான், அதன் பிறகு நீ அந்த சீரியல் காட்சியை மேடையில் நடித்துக் காட்டுவாய் என்று எல்லாம் அவராகவே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். விழா மலருக்கு ‘பெற்ற தாயின் வாழ்த்துரை’ என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். போட்டோவுக்கு இடம் வேண்டும், நீட்டிவிடாதீர்கள் என்று வேறு சொன்னார். முப்பது வருடம் மூன்றாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லிக் கொடுத்தவளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறார் மனுஷன். சரி என்று காபி கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். “அம்மா, இந்த வாட்டி அவளும் வாரா” என்றாய். ஏழு வருடம் கழித்து என் மருமகள் இந்த ஊருக்கு வருகிறாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேடை ஏற முடியாது என்று சொல்ல ஒரு சாக்குத் தேடினேன். உடனே வாயில் வந்தது முழங்கால்.

வாழ்த்துரை எழுத உட்கார்ந்தேன். ‘என் அருமை மகன் கலைத்துறையில்’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுதினால் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால் இது வாழ்த்துரை இல்லை. அண்ணாச்சி இதை மலரில் போடுவாரோ, கிழித்துப் போடுவாரோ, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ முதலில் படி.

உன் முதல் படத்தில் நீ பிணம். அது உனக்கு நினைவிருக்கும். எனக்குச் செத்தாலும் மறக்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு உன் அப்பா என்னைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த இடத்தில் வருவாய் என்று நீ சொல்லவில்லை. கதாநாயகன் ஒரு வெள்ளைத் துணியை விலக்குகிறான், உள்ளே நீ! நான் எழுந்து நின்று “ஐயோ எம் மவனே” என்று கத்திவிட்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அப்பா என் கையைக் கிள்ளி உட்கார வைத்து, “ஏளா, மூச்சு விடுதான் பாரு, நெஞ்சு ஏறி இறங்குது” என்று காதில் சொன்னார். அந்தப் படம் பார்த்தவர்களிலேயே பிணம் மூச்சு விட்டதற்காகச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

பிணத்துக்குப் பிறகு டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். பிறகு கான்ஸ்டபிள், பிறகு இன்ஸ்பெக்டர், இரண்டு படத்தில் ஜட்ஜ். எத்தனையோ படத்தில் கண்ணாடியைக் கழற்றி “இனி ஆண்டவன் விட்ட வழி” என்று சொல்லும் டாக்டர். ஒரு படத்தில் நீ பூசை வைக்கும் சாமியாராக வந்தபோது, அங்கியோடு உன்னைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன். அடுத்த படத்திலேயே சாக்கடையில் விழும் குடிகாரனாக வந்து அதைக் கெடுத்தாய். சீரியல்களில் நல்ல சித்தப்பா, கெட்ட தாய்மாமன், காணாமல் போய்த் திரும்பி வரும் அண்ணன். நடுவில் சோப்பு விளம்பரம் ஒன்று. ஊர் உலகத்தில் உன் பெயர் யாருக்கும் தெரியாது, உன் முகம் எல்லாருக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது ஒரு கிழவர் வந்து, “டாக்டர், இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா” என்று உன்னிடம் சீட்டை நீட்டினாரே. நீயும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சீட்டைப் படித்து, “பின்னால” என்று சொல்லி அனுப்பினாய். உன்னை என்ன செய்ய!

நமக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒவ்வொரு வேஷத்துக்கும் நம் ஊர் ஆள் ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வது உன் வேலை முறை. வசனத்தை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள் அம்மா, ஆள் ஊரிலிருந்துதான் வர வேண்டும் என்பாய். படம் வந்ததும் போன் செய்து, “யாருன்னு சொல்லு பாப்போம்” என்பாய். நான் சொல்லிவிடுவேன். இன்ஸ்பெக்டர் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்க்கும் முன்னால் காலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பான், அது நம் பழைய வீட்டுக்கு எதிரே குடியிருந்த கஸ்டம்ஸ் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றும் டாக்டர், நாசரேத்தில் உனக்குப் பல் பிடுங்கியவர். சோப்பு விளம்பரத்துச் சிரிப்பு உப்பளக்காரர் ஒருவருடையது, அவர் பல்லைக் காட்டாமல் தோளைக் குலுக்கிச் சிரிப்பார். ஒன்றில்கூட நான் தோற்றதில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெயரையும் பதிவேட்டைப் பார்க்காமல் சொல்கிறவள் நான். ஒரு முறை பார்த்த முகத்தை விடமாட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம்.

பிறகு இந்த சீரியல் வந்தது. அரிசி மில் முதலாளி, குடும்பத்துக்கே பெரியவர், மருமகளை வாட்டி எடுக்கும் மாமனார். அவர் கையை ஓங்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். மருமகள் பரிமாறிவிட்டு நிற்பாள். அவர் ஒரே ஒரு வாய் சாப்பிடுவார். புறங்கையால் தட்டை ஒரு சாண் தள்ளி வைப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு சிரித்த முகத்தோடு “இருக்கட்டும்” என்பார். அவ்வளவுதான். பெரியவர் கையைத் துடைத்துவிட்டால் மற்றவர்களும் சாப்பிட மாட்டார்கள். மேசையே எழுந்து போகும், அந்தப் பெண் தனியாக நிற்பாள்.

ஊர் இரண்டு பட்டது. தெருவில் பிள்ளைகள் ஐஸ்கிரீமை ஒரு நக்கு நக்கிவிட்டுத் தள்ளி வைத்து “இருக்கட்டும்” என்கிறார்கள். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அதைச் செய்து செல்போனில் எடுக்கிறார்கள். மார்க்கெட்டில் மீன்காரி, உன் மகன் அந்தப் பிள்ளையை இந்தப் பாடு படுத்துகிறானே, உனக்கு மீன் தர மாட்டேன் போ என்று கூடையை மூடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் வந்து என்னோடு உட்கார்ந்து பார்ப்பாள். நீ தட்டைத் தள்ளும்போதெல்லாம் அவளை விட நான்தான் பலமாகத் திட்டுவேன். “பாவி, நீ வெளங்கவே மாட்டே” என்று, பெற்ற வாயால், வயிறார.

ஆனால் இந்த முறை நீ போன் செய்து “யாருன்னு சொல்லு பாப்போம்” என்று கேட்கவில்லை. நானாகக் கேட்டேன். மீன் ஏலம் போடுகிறவரா என்றேன், இல்லை என்றாய். உன் அப்பாவின் பெரிய அண்ணனா என்றேன், இல்லை என்றாய். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் நாம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் வீம்பு செய்த அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரா என்றேன். “விடும்மா, இது நானாப் பண்ணுதது” என்று பேச்சை மாற்றினாய். நானும் நம்பினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், சீரியல் ஆரம்பிக்கும் முன்பு, ரோஸ்லின் ஒரு தட்டில் சோறும் நண்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மகள் வீட்டிலிருந்து வந்த நண்டு, ஆசையாக வைத்திருந்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். மிளகு கொஞ்சம் தூக்கல். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ரோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

“யக்கா, அச்சு அசலா உங்க மகன் மாதிரியே செய்யுதிய. எத்தன நாளு பழகுனிய?”

குனிந்து பார்த்தேன். தட்டு என் எதிரே ஒரு சாண் தள்ளி இருந்தது. என் வலது கை சேலை முந்தானையில் இருந்தது. “இருக்கட்டும்” என்று சொல்லியும் இருந்திருக்கிறேன். அவள் இன்னொரு தரம் செய்து காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த நேரம் பார்த்து டிவியில் நீ வந்தாய். துண்டுக்குப் பதில் முந்தானை, மீசைக்குப் பதில் மூக்குத்தி. மற்றதெல்லாம் நான்.  தலைவலி என்று சொல்லி ரோஸ்லினை அனுப்பிவிட்டு டிவியை அணைத்தேன். அன்றைக்கு நீ என்ன செய்தாய், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. அந்தக் கதை இந்த வீட்டுக் குசினி அடுப்படியில் நடந்த கதைதானே.

நீ துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கூட வேலை பார்த்த ஆத்தங்கரைக்காரியைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது நான் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஊரே என்னைப் பெருந்தன்மைக்காரி என்றது. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊர், சுத்த சைவக் குடும்பம், மீன் வாடையே அறியாத வீடு. ஞானஸ்நானம் கொடுத்து, கோவிலில் தாலி கட்டி அழைத்து வந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, நீ வேலையை விட்டுவிட்டு நடிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றாய். நான் அழுதேன், அப்பா கத்தினார். அவள் மட்டும், “போயிட்டு வாங்க, என் சம்பளம் இருக்கு, நான் அத்தை மாமாவப் பாத்துக்கிடுதேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளை மன்னிக்கவில்லை. துறைமுகத்தில் நிலையான வேலை பார்த்த பிள்ளையைக் கூத்தாட அனுப்பிவிட்டாள் என்று எனக்குள் ஒரு முள். நம் பக்கம் மாமியாரை மாமி என்போம், அவள் அவர்கள் ஊர் வழக்கத்தில் அத்தை என்பாள். அதுகூட எனக்குக் குத்தியது.

நீ வடபழனியில் நாலு பேரோடு பாயில் படுத்துக்கொண்டு வாய்ப்புத் தேடிய அந்த வருடங்களில் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நான் அவளை மீன் சமைக்கச் சொன்னேன். இது கடற்கரை வீடு, இங்கே மீன் இல்லாமல் சோறு இறங்காது என்றேன். அவள் மறுக்கவில்லை. ரோஸ்லினிடம் போய் மீன் கழுவவும் செதில் சீவவும் கற்றுக்கொண்டாள். முதல் நாட்களில் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து மறுபடி அரிவாள்மனையில் உட்காருவாள். குழம்பு கொதிக்கும். இறக்குகிற முன்னால் எல்லாரும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்போம் இல்லையா, அவளால் அது முடியாது. மீன் தொட்ட எதையும் அவள் நாக்கில் வைத்ததில்லை, நானும் அந்த அளவுக்கு வற்புறுத்தவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். உப்புப் பார்க்க முடியாத குழம்பை அவள் தினமும் கண் அளவில் வைத்து எனக்குப் பரிமாறினாள். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். நான் ஒரு வாய் எடுப்பேன், தட்டைத் தள்ளுவேன், விரலைத் துடைப்பேன், “இருக்கட்டும்” என்பேன். அவளைத் திட்டியிருந்தால்கூட அவள் பதில் பேசியிருப்பாள். இருக்கட்டும் என்பதற்கு என்ன பதில் பேச முடியும்?

அந்தச் சம்பளத்தில்தான் உனக்கு மாதாமாதம் பணம் போனது. அந்தக் கையில்தான் மீன் நாற்றத்தோடு அவள் ஆபீசுக்குப் போனாள். நான் அவளைப் பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. யாராவது கேட்டால் இதையெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். நானும் இத்தனை வருடம் எனக்கே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவின் முதல் வருட நினைவுச் சாப்பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய், அதைத்தான் அப்படியே டிவியில் வைத்துவிட்டாயே. பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டு மாடியில் பந்தியில் உட்கார்ந்தார்கள். சமையல்காரனை வைக்க வேண்டாம், மாமாவுக்கு நானே செய்கிறேன் என்று அவள் முந்தின நாளிலிருந்து நின்றாள். மூத்தவள் என்று என்னை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். சீலா மீன் குழம்பு. ஒரு வாய் எடுத்தேன். இன்றைக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது. உப்பு சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் அவளை மெச்சப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இலையைத் தள்ளினேன். விரலைத் துடைத்தேன். சொன்னேன். பந்தி முழுவதும் கை நின்றது. என் நாத்தனார் முதலில் இலையை மூடினாள், பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீ மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று அவளிடம் கேட்டு வாங்கி, மறுபடி சாப்பிட்டாய். அவள் எல்லா இலையையும் தானே எடுத்தாள். அண்டாவிலிருந்த குழம்பைக் கொல்லையில் ஊற்றினாள். மறுநாள் உன்னோடு சென்னை ரயில் ஏறினாள். போய் வருகிறேன் அத்தை என்று காலைத் தொட்டாள். நல்லது என்றேன்.

அதன் பிறகு திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நீ தனியாக வந்தாய். அவளுக்கு லீவு இல்லை என்றாய், சளி என்றாய். உன் நடிப்பு அதில் மட்டும் எடுபடவில்லை. ஆனால் நான் நம்பியதாக நடித்தேன், அது உன்னை விட நன்றாக இருந்தது. யாரிடமிருந்து உனக்கு இந்தக் கலை வந்தது என்று பேட்டியில் கேட்டார்கள் போலிருக்கிறது, நீ ஏதோ கோவில் நாடகம் என்று சொன்னாயாம்.

நீ என்னை எடுத்து வில்லனாக்கியதற்கு எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. பெற்ற தாயை ஊர் சிரிக்க விற்றுவிட்டானே என்று பொருமினேன். மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. கஸ்டம்ஸ் அதிகாரியை எடுத்தபோது சிரித்தேன், பல் டாக்டரை எடுத்தபோது சிரித்தேன், என்னை எடுத்தால் மட்டும் கசக்குமா? நீ என் மேல் ஒரு பொய்யும் ஏற்றவில்லை. ஆனால் மகனே, வயதான காலத்தில் ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். என்னை எடுத்தது சரி, நான் செய்தவள், அனுபவிக்க வேண்டியவள். அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றவளிடம் கேட்டாயா? தினமும் சாயங்காலம் அவள் வீட்டு வரவேற்பறையில் அந்தத் தட்டு தள்ளப்படுகிறதே, அவள் அதைப் பார்க்கிறாளா, குசினிக்குள் போய்விடுகிறாளா? அவள் பட்டதை வைத்து நீ கைதட்டு வாங்குகிறாய். நான் உன்னை வைத்துப் பெருமை வாங்குகிறேன். அம்மாவும் மகனுமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையிடம் எதையெல்லாம் வாங்கிவிட்டோம். திருவிழா மேடையிலும் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நீ தட்டைத் தள்ளப் போகிறாய், நான் பக்கத்தில் சால்வையோடு நிற்கப் போகிறேன். எனக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

இதுவரைக்கும் எழுதிவிட்டு மடித்து வைத்தேன். உனக்கு அனுப்பத்தான் இருந்தேன். பிறகு, இதை முதலில் கேட்க வேண்டியவள் அவள்தானே என்று தோன்றியது. நீ ஷூட்டிங்கில் இருக்கும் நேரம் பார்த்து அவளுக்குப் போன் செய்தேன். “சொல்லுங்க அத்தை, உடம்புக்கு என்ன” என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஒன்று வாசிக்கிறேன், கேள் என்றேன். முழங்காலிலிருந்து மேடை வரைக்கும் எல்லாவற்றையும் வாசித்தேன். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன்.  லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொல்லிப் பார்த்தேன். இருக்கிறேன் என்றாள்.

முதலில் அவள் சொன்னது உன்னைப் பற்றி. அவரைக் குறை சொல்ல வேண்டாம் என்றாள்.

“அவங்களுக்கு என்ன தெரியும் அத்தை, அந்த ஒரு நாள் தவிர அவங்க எங்க அங்கன இருந்தாங்க. வேஷத்துக்குப் பழகும்போது ஆள்காட்டி விரல்ல இருந்து தொடச்சாங்க. நான்தான் இல்ல, சுண்டுவிரல்ல இருந்துன்னு சொல்லிக் குடுத்தேன்.”

 அப்படியானால் அந்த வேஷத்தை உனக்குக் கட்டியவள் அவள். சமையல்கட்டில் தட்டைக் கையில் கொடுத்து, இப்படி இல்லை, கொஞ்சம் மெதுவாக, இப்போது சிரியுங்கள் என்று பழக்கியிருக்கிறாள். ஒருவேளை நீங்கள் இரண்டு பேரும் சிரித்திருப்பீர்கள். சிரித்திருந்தால் நல்லது. நான் வெட்கத்தோடு, அப்படியா என்றேன்.  வேறு ஏதாவது விட்டுவிட்டேனா, தப்பாக எழுதியிருக்கிறேனா என்று கேட்டேன். எழுதினதெல்லாம் நடந்ததுதான், தப்பு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு சொன்னாள்.

“தட்டத் தள்ளுனது கூட ஆறிப்போச்சு அத்தை. இவ்வளவு நீளமா எழுதியிருக்கிய, எங்கனயாவது என் பேரு வருமான்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

கடிதத்தைத் திரும்பப் புரட்டினேன். அவள், மருமகள், ஆத்தங்கரைக்காரி, அந்தப் பிள்ளை. உன் மனைவி என்றுகூட ஓரிடத்திலும் இல்லை. கமிட்டி அண்ணாச்சிக்குப் பெயர் இருக்கிறது. நண்டுக் குழம்பு கொண்டுவந்த ரோஸ்லினுக்குப் பெயர் இருக்கிறது. இந்த வீட்டில் இருந்த அத்தனை வருடமும் ‘ஏளா’, ‘இந்தா’, ‘ஆத்தங்கரைக்காரி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவள் அப்பா வைத்த பெயர் நம் கோவிலுக்கு ஆகாது என்றேன், ஞானஸ்நானத்தில் நாமாக வைத்த பெயரையும் அன்றோடு மறந்தேன். வகுப்பில் காலையில் பெயர் வாசித்து, பதில் வராத பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று வீடு தேடிப் போனவள் நான். தட்டைத் தள்ளியது தப்பு என்றாவது எனக்கு உறைத்தது. இது இன்று அவள் சொல்லும் வரைக்கும் தப்பு என்றே தெரியாது. இந்தக் காகிதத்தை அழித்துத் திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மேலே எழுதியதை எழுதியபடியே விட்டிருக்கிறேன், நீயும் பார்த்துக்கொள்.

இதை மலரில் போடட்டுமா என்று அவளிடமே கேட்டேன். என் பேரோடு போட்டால் போடட்டும் என்றாள். மேடையில் அவர் அந்தக் காட்சியைச் செய்யட்டும், அதற்காகத்தானே ஊர் கூடுகிறது என்றும் சொன்னாள். வீட்டுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நீயும் அவளை வற்புறுத்தாதே. லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். சால்வையை மட்டும் அண்ணாச்சி இரண்டாக வாங்கட்டும். உனக்கு ஒன்று. உனக்குச் சோறு போட்டு நடிக்க அனுப்பியவளுக்கு, நடிக்கச் சொல்லியும் கொடுத்தவளுக்கு ஒன்று. அதை நான் என் கையால் போடுவேன், அவள் சம்மதித்தால்.

நேற்று சாளை வாங்கிவிட்டு வரும் வழியில் பாத்திரக் கடைக்கும் போனேன். மீன் படாத புதுச் சட்டி இரண்டும் கரண்டி ஒன்றும் வாங்கித் தனியாகப் பரணில் வைத்திருக்கிறேன். பருப்புக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் எனக்குச் சரியாக வராது, இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன். உப்பு மட்டும் நான் பார்த்துப் போடலாம், எனக்கு அந்த வசதி இருக்கிறது. திருவிழா அன்று மத்தியானம் அவள் இந்தத் தெருவுக்குள் வந்தால், மாடியில் இலை போட்டுவிட்டு நான் வாசலுக்கு வருவேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இலையைத் தள்ளினாலும் தள்ளட்டும், அந்த உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் கூப்பிடுவது நான்தான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் இன்னும் எனக்குப் போகவில்லை. ரோஸ்லின் வீட்டுக்கும், மீன்காரிக்கும், இந்தத் தெரு முழுமைக்கும் கேட்கும்படி கூப்பிடுவேன்:

கோமதி, சாப்பிட வாம்மா.